தொலைவிலிருந்து கேட்கும் செவி

ஒரு சிறுவனிடம் மருத்துவர் ஒருவரின் படத்தை வரைந்து காட்டும்படி கூறினால், அவன் வெள்ளை அங்கியை மறந்தாலும் மறப்பான். கழுத்திலே தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை மறக்கமாட்டான். அந்த அளவிற்கு அக்கருவி மருத்துவத் தொழிலின் அடையாளமாகவே அமைந்துவிட்டது. அதன் குளிர்ந்த வட்டு மார்பிலே படும் உணர்வும், மூச்சை நன்றாக இழுத்து விடும்படி மருத்துவர் கூறும் குரலும் நம் எல்லாருக்கும் இளமை முதல் பழகியவை.

இன்றோ அக்கருவியின் வட்டு மலைக்கிராமத்து நோயாளி ஒருவரின் மார்பிலே இருக்க, அதன் ஒலியைப் பல மைல்களுக்கு அப்பால் நகரத்து மருத்துவர் தம் அறையில் அமர்ந்தவாறே கேட்க இயலும். மின்னணு ஸ்டெதாஸ்கோப், அதாவது டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப், இதனை இயலச் செய்துள்ளது. தொலைமருத்துவம் எனப்படும் புதிய மருத்துவ முறையில் இது முக்கியமான ஓர் உறுப்பு.

இதனைக் கேள்வியுறும் பெரியவர்கள் சிலர் உள்ளூர வருந்துகின்றனர். “முன்பெல்லாம் வைத்தியர் வீட்டிற்கே வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். இனி அவர் முகத்தையும் திரையில்தான் காண வேண்டுமோ? நோயாளியை விட்டு விலகிப் போவதற்கு இது ஒரு சாக்காகிவிடாதா?” என்பது அவர்களது கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, அக்கருவி பிறந்த கதையிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.

காகிதச் சுருளில் பிறந்த கருவி

இரனே லெனெக் என்பவர் 1781ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியிலுள்ள கம்பேர் நகரில் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்த அவர், நாந்து நகரில் மருத்துவராய் இருந்த தம் சிற்றப்பனின் அரவணைப்பில் வளர்ந்து, தாமும் மருத்துவரானார். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசமும் ஏழைகள்பால் இரக்கமும் கொண்டவர் அவர்.

1816ஆம் ஆண்டு பாரிசு நகரின் நெக்கர் மருத்துவமனையில் இதய நோயால் வருந்திய இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். அக்காலத்தில் மருத்துவர்கள் தம் காதை நோயாளியின் மார்பின்மீது நேராக வைத்தே இதய ஒலியைக் கேட்பது வழக்கம். அப்பெண்ணின் வயதையும் கூச்சத்தையும் எண்ணிப் பார்த்த லெனெக், அவ்வாறு செய்யத் தயங்கினார். நீண்ட பொருளொன்றின் ஒரு முனையில் எழும் ஒலி, மறு முனையில் தெளிவாய்க் கேட்கும் என்பது அவர் நினைவிற்கு வந்தது. உடனே காகிதத் தாள்களை இறுகச் சுருட்டினார். ஒரு முனையை அப்பெண்ணின் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேராகக் காதை வைத்துக் கேட்டதைவிட இதயத் துடிப்பு மிகத் தெளிவாய்க் கேட்டது!

பின்னர் அவர் ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள மரக்குழல் ஒன்றைக் கடைந்து செய்தார். மூன்று ஆண்டுகள் நோயாளிகளின் மார்பொலிகளைக் குறித்து வைத்து, இறந்தோரின் உடலை ஆய்ந்து, எவ்வொலி எந்நோயைக் காட்டுகிறது என்பதை ஒப்பிட்டறிந்தார். 1819இல் அவ்வாராய்ச்சியை நூலாக வெளியிட்டார். காசநோயின் ஒலிகளை உலகிற்குக் கற்பித்த அவரையே அந்நோய் பற்றிக்கொண்டது. அவருடைய மார்பைச் சோதித்து நோயை உறுதி செய்தவர், அதே கருவியைக் கையாளக் கற்றிருந்த அவருடைய உறவினரான மேரியாதெக் என்பவர். 1826ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 45ஆம் வயதில் லெனெக் இறைவனடி சேர்ந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஸ்டெதாஸ்கோப் தொடக்கத்திலேயே மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே ஓர் அடி இடைவெளியை உண்டாக்கிய கருவியாகும். ஆனால் அந்த இடைவெளி புறக்கணிப்பினால் தோன்றியதன்று. ஒரு பெண்ணின் கண்ணியத்தை மதித்ததால் தோன்றியது. அந்த இடைவெளியினால் மருத்துவர் குறைவாய்க் கேட்கவில்லை. முன்னிலும் நன்றாய்க் கேட்டார். ஓர் அடி நூறு மைலாக நீளும்போதும் அவ்விரண்டும் காக்கப்படுகின்றனவா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கம்பியிலும் கடலிலும்

உடலின் செய்தியைத் தொலைவிற்கு அனுப்பும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை வகுத்த ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர், 1905ஆம் ஆண்டிலேயே லைடன் நகரத்து மருத்துவமனையிலிருந்த நோயாளிகளின் இதய மின்னோட்டத்தை, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்தார்.

கத்தோலிக்கராகிய நமக்கு மேலும் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1931இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதருக்காக வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்துத் தந்தவர் மார்க்கோனி. அவரே 1935இல் உரோமை நகரில் தோன்றிய பன்னாட்டு வானொலி மருத்துவ மையத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். அம்மையத்தை நிறுவியவர் குயிதோ குயிதா என்ற மருத்துவர். மருத்துவர் இல்லாத கப்பல்களில் நோயுறும் மாலுமிகளுக்கு, எந்நாட்டினர் என்று பாராமல், கட்டணமின்றி வானொலி வழியே ஆலோசனை கூறுவதே அதன் பணி. நடுக்கடலில் துடிக்கும் மாலுமியின் அருகில் கப்பல் அதிகாரி ஒருவர் நிற்பார். வலி எங்கே, காய்ச்சல் எவ்வளவு, வயிறு இறுகியிருக்கிறதா என்று உரோமையிலுள்ள மருத்துவர் கேட்பார். அதிகாரி தொட்டுப் பார்த்துச் சொல்வார். மருத்துவரின் அறிவு உரோமையிலிருந்து வந்தது. ஆனால் அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் இருந்தவர் நோயாளியின் அருகிலிருந்த மனிதரே.

1968இல் அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் செவிலியர் நடத்திய மருந்தகம் ஒன்று, சில மைல் தொலைவிலிருந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையோடு தொலைக்காட்சி வழியே இணைக்கப்பட்டது. அங்கும் இதயத்தின் ஒலியை மருத்துவர் மருத்துவமனையிலிருந்தே கேட்டார். நோயாளியின் மார்பிலே கருவியை வைத்தது செவிலியரின் கை.

நம் நாட்டிலோ, ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டு தொலைமருத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியே அக்கிராமம் சென்னையோடு இணைந்தது. 2019இல் மத்திய அரசு ‘இ-சஞ்சீவனி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. துணைச் சுகாதார நிலையத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் நோயாளியின் அருகிலிருந்து, தொலைவிலுள்ள மருத்துவரோடு பேச வைப்பது அத்திட்டத்தின் ஒரு பிரிவாகும். இத்தகைய நிலையங்களில்தான் மின்னணு ஸ்டெதாஸ்கோப் பெரிதும் பயன்படக்கூடியது.

தொலைபேசியில் ஏன் கேட்பதில்லை?

“கைப்பேசியையே மார்பில் வைத்து மருத்துவரைக் கேட்கச் சொல்லலாமே, தனியாக ஒரு கருவி எதற்கு?” என்று ஒருவர் வினவலாம். இதற்கான விடை ஒலியின் இயல்பிலே அடங்கியுள்ளது.

பழைய தொலைபேசி முறை, மனிதப் பேச்சிற்குப் போதுமான அளவில், விநாடிக்கு 300 முதல் 3400 வரை அதிர்வுகள் கொண்ட ஒலிகளை மட்டுமே கடத்தும்படி அமைக்கப்பட்டது. ஆனால் இதயத்தின் ‘லப்–டப்’ ஒலியின் பெரும்பகுதி விநாடிக்கு 150 அதிர்வுகளுக்கும் உட்பட்டது. வாசல் உயரமாயிருந்தும் தரையோடு ஊர்ந்து வருவதற்கு வழியில்லாதது போல, தாழ்ந்த இதய ஒலி அதில் நுழைய முடியாது நின்றுவிடும். இன்றைய காணொலி அழைப்புகளில் வேறொரு தடையும் உண்டு. பேச்சல்லாத ஒலிகளை இரைச்சல் என்று கருதி நீக்கிவிடும் ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. பாவம், அந்த ஏற்பாட்டிற்கு இதயத்துடிப்பும் மின்விசிறியின் ஓசையும் ஒன்றே!

மின்னணு ஸ்டெதாஸ்கோப் இத்தடைகளைக் கடந்து செல்கிறது. அதன் வட்டிலுள்ள ஒலிவாங்கி, மார்பின் நுண்ணிய அதிர்வுகளை மின் அலைகளாக மாற்றுகிறது. அவ்வலைகள் பெருக்கப்பட்டு, விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு, எண்களாக மாற்றப்படுகின்றன. அவ்வெண்கள் கைப்பேசி அல்லது கணினியின் வாயிலாக மருத்துவரைச் சென்றடைந்து, அங்கே மீண்டும் ஒலியாகின்றன. இதயத்தைக் கேட்கும்போது தாழ்ந்த ஒலிகளையும், நுரையீரலைக் கேட்கும்போது சற்று உயர்ந்த ஒலிகளையும் தெரிந்தெடுத்துக் கேட்கும் வசதியும் உண்டு. உடனுக்குடன் கேட்கலாம், பதிவு செய்து அனுப்பிப் பின்னர் நிதானமாகவும் கேட்கலாம். இணைப்பு வலுவில்லாத மலைப்பகுதிகளுக்குப் பின்னைய முறையே ஏற்றது.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது இதன் அருமை விளங்கிற்று. தலைமுதல் கால்வரை காப்புடை அணிந்திருந்த மருத்துவர்களால் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலே மாட்டிக்கொள்ளவும் எளிதில் இயலவில்லை. அப்பொழுது மார்பின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவிகள், தனிமை அறைக்கு வெளியிலிருந்தே மருத்துவர்கள் கேட்பதற்கு உதவின. அந்த ஆண்டிலேயே மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய குழு ஒன்றும் அத்தகைய கருவியை உருவாக்கி நாட்டிற்கு அளித்தது.

அருகிலிருக்கும் கை

கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும், அது தானாகவே மார்பில் சென்று அமர்ந்துவிடாது. இதயத்தின் நான்கு வால்வுகளின் ஒலியையும் நான்கு வெவ்வேறு இடங்களில் வைத்துக் கேட்க வேண்டும். மார்பெலும்பின் வலப்புறம் இரண்டாம் விலா இடைவெளியில் ஒன்று. இடப்புறம் அதே உயரத்தில் ஒன்று. இடப்புறத்திலேயே மார்பெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டி ஒன்று. இடப்பக்கம் ஐந்தாம் விலா இடைவெளியில், இதயத்தின் முனை துடிக்குமிடத்தில் ஒன்று. சில ஒலிகள், நோயாளியை இடப்பக்கமாய்ச் சாய்த்துப் படுக்க வைத்தால்தான் கேட்கும். வேறு சில, அவரை முன்புறம் குனிந்து அமரச் செய்தால் கேட்கும். வட்டு விரலளவு இடம் மாறினாலும், துணி உரசினாலும், அறையில் பேச்சொலி எழுந்தாலும் பதிவு பாழாகும். மருத்துவர் பக்கத்திலும் கவனம் தேவை. கணினியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் எழா. காதிலே அணியும் நல்ல ஒலிக்கருவி அவருக்கு வேண்டும்.

எனவே, செவிலியரின் அல்லது பயிற்சி பெற்ற பணியாளரின் கையே இங்கு நகரத்து மருத்துவரின் கையாகின்றது. நம் திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920இல் குண்டூர் வந்த மருத்துவக் கன்னியான அருட்சகோதரி மேரி கிளௌரி, தனியொருவராக எத்தனை ஆயிரம் நோயாளிகளைப் பார்க்க முடியும்? அவர் உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கொடுக்கவும், பேறு பார்க்கவும், நோயாளிகளைப் பேணவும் பயிற்சி அளித்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தையும் தொடங்கி வைத்தார். ஒரு மருத்துவரின் அறிவு பல கைகளின் வழியே ஏழைகளைச் சென்றடைய வேண்டும் என்ற எண்ணம் அன்றே செயலாகிவிட்டது.

செவி அறிவதும் அறியாததும்

இக்கருவியால் யாருக்கு நன்மை? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐந்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப்புண் வருவதுண்டு. சரியாய்க் கவனிக்காவிடில், சிலருக்கு மூட்டுவலியோடு கூடிய ருமாட்டிக் காய்ச்சல் தோன்றி, இதய வால்வுகளைத் தாக்கும். பிள்ளையோ ஓடி விளையாடிக் கொண்டிருப்பான். வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பெண் பிள்ளைக்கு இந்நோய் மறைந்திருந்தால், அவள் வளர்ந்து திருமணமாகித் தாய்மை அடையும்போதுதான், பெருகும் இரத்த ஓட்டத்தைச் சுருங்கிய வால்வு தாங்காமல், மூச்சுத் திணறலாய் வெளிப்படும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து.

தேர்ந்த செவி ஒன்று முன்னமே கேட்டிருந்தால், வால்வின் குறையைக் காட்டும் முணுமுணுப்பு ஒலி புலப்பட்டிருக்கலாம். மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, நோய் மேலும் வளராமல் தடுக்க வல்லது. சுகாதார நிலையத்துச் செவிலியர் பதிவு செய்தனுப்பும் ஒலியை இதய நிபுணர் கேட்டு, “இக்குழந்தையை உடனே அழைத்து வாருங்கள்” என்று சொன்னால், ஒரு குடும்பம் பிழைத்தது எனலாம்.

ஆயினும் கருவியை அளவுக்கு மீறி நம்பலாகாது. நலமான பிள்ளைகள் பலரிடமும் தீங்கற்ற முணுமுணுப்பு ஒலி கேட்பதுண்டு. அதைக் கேட்டுப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. மறுபுறம், வால்வு நோய் தொடக்க நிலையில் எவ்வொலியும் எழுப்பாமலும் இருக்கலாம். ‘எக்கோ’ எனப்படும் மீயொலிப் பரிசோதனையே அதனை உறுதியாய்க் காட்டும். ஒலியைக் கேட்டு நோயைச் சுட்டிக்காட்டும் கணினி நிரல்களும் இன்று வந்துள்ளன. அவை மருத்துவருக்குத் துணையேயன்றி மருத்துவர் அல்ல.

அன்றியும், வயிற்றைத் தொட்டுப் பார்த்தறிய வேண்டியதும், காலின் வீக்கத்தை அழுத்திப் பார்த்தறிய வேண்டியதும் செவிக்கு எட்டுவதில்லை. முக்கியமாக, மாரடைப்பின்போதும் இதய ஒலி வழக்கம் போலவே கேட்கக்கூடும். ஆகவே நெஞ்சை அடைக்கும் வலி, வியர்வை, கடும் மூச்சுத்திணறல், மயக்கம், முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல் ஆகியவை தோன்றினால், எந்தக் கருவியையும் தேடிக் காலம் போக்காமல், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நோயாளியின் கண்ணியம்

லெனெக் ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்தார் என்று கண்டோம். அதே மரியாதை தொலைமருத்துவத்திலும் காக்கப்பட வேண்டும். ஒளிப்படக் கருவியின் முன் நோயாளி மார்பைத் திறந்து காட்ட நேரும்போது, மறுபுறம் யார் யார் இருக்கின்றனர் என்று கேட்டறிய அவருக்கு உரிமை உண்டு. பெண் நோயாளியின் அருகில் பெண் ஒருவர் துணையிருப்பது நன்று. பதிவான ஒலியும் படமும் எங்கே வைக்கப்படும், எவரிடம் போகும் என்பதையும் அவருக்கு விளக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள், பதிவு பெற்ற மருத்துவரே இம்முறையில் மருத்துவம் செய்யலாம் என வரையறுக்கின்றன. மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ ஆலோசனையைத் தொடங்கினால், நோயாளியின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும். நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றினால், அவர் அவ்வாறே சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று வீட்டார் பார்த்துக்கொள்வது நலம்.

நம் குடும்பங்களின் கடமை

இன்று நம் பங்குகளில் எத்தனையோ இல்லங்களில் முதியோர் தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேற்றூரிலோ பணிபுரிகின்றனர். அன்புள்ள மகன் ஒருவன் விலையுயர்ந்த மின்னணு ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி அனுப்பிவிடலாம். ஆனால் அதை அன்னையின் மார்பிலே சரியான இடத்தில் வைப்பவர் யார்? மருத்துவர் சொல்வதைக் கேட்டு, அன்னைக்கு எடுத்துரைப்பவர் யார்? மாத்திரையை நேரத்திற்குக் கொடுப்பவர் யார்? பணத்தால் கருவி வரும், கை வராது.

இவ்விடத்தில்தான் பங்குச் சமூகத்திற்கு வேலையிருக்கிறது. நம் பங்குகளில் ஓய்வுபெற்ற செவிலியர்கள் உண்டு. மருந்தகம் நடத்தும் அருட்சகோதரிகள் உண்டு. கைப்பேசியைத் திறம்படக் கையாளும் இளைஞர்கள் உண்டு. இவர்கள் ஒன்றுகூடி, அருகிலுள்ள மருத்துவமனையின் வழிகாட்டுதலோடு, தனித்திருக்கும் முதியோரையும், நகரத்திற்குச் செல்ல இயலாத ஏழைகளையும் மருத்துவரோடு இணைத்துவிடலாம். செவிலியர் கருவியை வைக்கட்டும். இளைஞர் இணைப்பை ஏற்படுத்தட்டும். அண்டை வீட்டார் அருகில் அமர்ந்திருக்கட்டும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை, 1993 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில் கொண்டாடுகிறோம். அன்று செபமும் திருப்பலியும் நிறைவேற்றியபின், இத்தகைய பணி ஒன்றையும் தொடங்கினால் அந்நாள் பொருளுடையதாகும்.

மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். அங்கே ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்குகிறார். பேதுருவின் மாமியாரைக் கையைத் தொட்டுக் குணமாக்குகிறார். இவ்விரண்டிற்கும் நடுவே, நூற்றுவர் தலைவனின் ஊழியனை, அவனிருந்த வீட்டிற்குச் செல்லாமல், தொலைவிலிருந்தே குணமாக்குகிறார். தொட்டுக் கொடுத்த நலத்திற்கும் தொலைவிலிருந்து கொடுத்த நலத்திற்கும் அவரிடம் வேற்றுமை இல்லை. எனினும் அந்த ஊழியனின் வேதனை ஆண்டவரின் செவிக்கு எவ்வாறு எட்டியது? அவனது துன்பத்தைக் கண்டு மனமிரங்கிய தலைவன் ஒருவன், அதை எடுத்துச் சொல்ல நடந்து வந்தான். அவன் தன் வேலைக்காரன்தானே என்று வாளாவிருந்திருந்தால், அந்த அற்புதம் நிகழ்ந்திராது.

மின்னணு ஸ்டெதாஸ்கோப் தொலைவிலுள்ள மருத்துவருக்குச் செவி கொடுத்துள்ளது. நம் தெருவில், நம் பங்கில் படுத்திருக்கும் நோயாளியின் அருகே சென்று நிற்கும் பொறுப்பு நம்முடையது. அதனை நாம் மனமுவந்து ஏற்போமாக!